கல்லூரி மணி எப்போது அடிக்கவேண்டும்?

இரவு மணி 9.

ஜவுளிக் கடையில் கதவை இழுத்து மூடுகிறார்கள். காலையில் இருந்து நின்றுகொண்டே சேலை எடுத்துக் காட்டிய பெண், வீட்டுக்குப் போக பஸ் ஏறுகிறார். பஸ் டெப்போவில் கண்டக்டர் பணத்தை எண்ணி ஒப்படைக்கிறார். மில்லில் அடுத்த ஷிப்டுக்கு ஆட்கள் வந்துகொண்டு இருக்கிறார்கள்.

இவர்களில் பலருக்கு ஒரு ஆசை உண்டு. வெளியே சொல்லாத ஆசை.

"ஒரு பட்டம் வாங்கவேண்டும்" என்பதே அந்த ஆசை.

ஏன் வெளியே சொல்வது இல்லை? சொன்னால், "இந்த வயதில் படிப்பா?" என்று சிரிப்பார்கள்.

இவர்கள் படிப்பு வராமல் பள்ளியை விட்டவர்கள் அல்ல. ஒருவருக்கு அப்பா இறந்துபோனார். இன்னொருவர் தங்கையின் கல்யாணக் கடனை அடைக்க வேலைக்குப் போனார். வேறொரு பெண்ணுக்குப் பள்ளி முடிந்த உடனே கல்யாணம். அறிவு இருந்தது. வசதி இல்லை. படிப்பு நின்றது.

கல்லூரியில் காலை 10 மணிக்கு மணி அடிக்கிறது. கடையும் 10 மணிக்குத்தான் திறக்கிறது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருக்க முடியும்?

யாராவது ஒருவர் நேரத்தை மாற்றியாகவேண்டும். தொழிலாளி மாற்ற முடியாது. மாற்றினால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே, மாறவேண்டியது கல்லூரிதான்.

இதை ஒரு நாடு பெரிய அளவில் செய்து காட்டியது. அந்தக் கதையை வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டும்.

சுரங்கத் தொழிலாளியின் மகள்

1963-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். இங்கிலாந்தில் தொழிற்கட்சித் தலைவராக இருந்தவர், ஹரால்டு வில்சன். அவர் கிளாஸ்கோ நகரில் ஒரு கூட்டத்தில் பேசினார். ரேடியோ, டெலிவிஷன், தபால் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பல்கலைக்கழகம் நடத்தலாம் என்று சொன்னார். அதற்கு "ஆகாயப் பல்கலைக்கழகம்" என்று பெயர் வைத்தார்.

ரஷியாவில் பலர் வேலை பார்த்துக்கொண்டே, தபால் மூலம் படித்துப் பட்டம் பெறுவதை வில்சன் அறிந்து இருந்தார். "நம் ஊரில் ஏன் முடியாது?" என்பதே அவர் கேள்வி.

அடுத்த ஆண்டு தேர்தல் நடந்தது. வில்சன் பிரதமர் ஆனார். இந்த வேலையை ஜென்னி லீ என்ற பெண் மந்திரியிடம் ஒப்படைத்தார்.

ஜென்னி லீ யார்?

அவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். உதவித் தொகை கிடைத்ததால் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1929-ல், 24 வயதிலேயே பாராளுமன்ற உறுப்பினர் ஆனவர். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு என்ன செய்யும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார்.

ஒன்று: சேருவதற்கு முன்படிப்பு எதுவும் கேட்கக்கூடாது.

இரண்டு: கொடுக்கும் பட்டம் மற்றப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஒரு மாற்றும் குறையக்கூடாது.

"ஏழைக்கு இது போதும்" என்று மட்டமான சரக்கைக் கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே நுழைவது சுலபம். பட்டம் வாங்குவது கஷ்டம். இதுதான் அவர் போட்ட திட்டம்.

சிரித்தவர்கள்

எல்லாரும் கைதட்டவில்லை. பலர் சிரித்தார்கள். "வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்தால் பட்டமா?" என்று கேலி பேசினார்கள். பத்திரிகைகளும் குறை கூறின. பழைய பல்கலைக்கழகங்களும் சந்தேகப்பட்டன.

ஆனாலும் வேலை நடந்தது. 1969-ம் ஆண்டு ஏப்ரலில் அரசியின் சாசனம் கிடைத்தது. "திறந்தவெளிப் பல்கலைக்கழகம்" பிறந்தது. ஜூலை 23-ந் தேதி தொடக்க விழா நடந்தது. மனிதன் சந்திரனில் கால் வைத்து அப்போது 3 நாள்தான் ஆகியிருந்தது. முதல் வேந்தரான கிரவுதர் பிரபு, இந்தப் பல்கலைக்கழகம் ஆட்களுக்கும், இடத்துக்கும், முறைக்கும், கருத்துக்கும் கதவை மூடாது என்று அந்த விழாவில் அறிவித்தார்.

மறு ஆண்டு ஆட்சி மாறியது. கன்சர்வேடிவ் கட்சி வந்தது. புதிய நிதி மந்திரி மேக்லியோடு இந்தத் திட்டத்தை விரும்பாதவர். அவர் பதவி ஏற்ற ஒரு மாதத்தில் இறந்துபோனார். கல்வி மந்திரியாக இருந்தவர், பிற்காலத்தில் பிரதமரான மார்கரெட் தாட்சர். எதிர்க்கட்சி தொடங்கிய திட்டம் என்று அவர் ஒதுக்கவில்லை. குறைந்த செலவில் நிறையப் பேர் படிக்கலாம் என்பதைப் பார்த்தார். திட்டத்தைக் காப்பாற்றினார்.

நல்ல காரியத்துக்குக் கட்சி இல்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தபாலில் வந்த கல்லூரி

1971-ம் ஆண்டு ஜனவரியில் பாடம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே சுமார் 24 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமை இடம் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே பேராசிரியர்கள் உண்டு. அலுவலகம் உண்டு. ஆனால், பாடம் கேட்க மாணவர் கூட்டம் வருவது இல்லை! மாணவர் நாடு முழுவதும் அவரவர் வீட்டில் இருக்கிறார்.

பாடப் புத்தகம் தபாலில் வந்தது. அது சாதாரணப் புத்தகம் அல்ல. பக்கத்தில் வாத்தியார் இல்லை என்பதை மனதில் வைத்து எழுதிய புத்தகம். கொஞ்சம் சொல்லும். பிறகு கேள்வி கேட்கும். பதில் எழுதிப் பார்க்கச் சொல்லும். பிறகுதான் அடுத்த பாடத்துக்குப் போகும்.

பி.பி.சி. ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பாடம் நடந்தது. எப்போது? வேலைக்குப் போகும் முன் அதிகாலையில். வேலை முடிந்து வந்த பிறகு இரவில். தொழிலாளியின் கடிகாரத்தைப் பார்த்துக் கல்லூரி மணி அடித்தது. இந்த ஒளிபரப்பு 2006-ம் ஆண்டு வரை நடந்தது. அதன் பிறகு அந்த இடத்தை இணையம் எடுத்துக்கொண்டது.

விஞ்ஞானம் படிப்பவர் என்ன செய்வார்? அவர் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ரசாயனப் பொருள்களும், சிறிய மைக்ரோஸ்கோப்பும் இருந்தன. சமையல் அறை மேஜையே பரிசோதனைக் கூடம் ஆனது.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. மாணவர் கட்டுரை எழுதி அனுப்புவார். ஆசிரியர் திருத்தி அனுப்புவார். வெறும் மார்க்கு மட்டும் போடமாட்டார். எது சரி, எது தவறு, எப்படி எழுதியிருக்கலாம் என்று எழுதி அனுப்புவார். கோடை விடுமுறையில் ஒரு வாரம் எல்லாரும் ஒன்றாகத் தங்கிப் படிக்கவும் ஏற்பாடு இருந்தது.

பாதியில் நின்றாலும் வீண் இல்லை

இதில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருந்தது. அது "கிரெடிட்" முறை.

சாதாரணக் கல்லூரியில் 3 ஆண்டு தொடர்ந்து படிக்கவேண்டும். இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டால், படித்தது கணக்கில் வருவது கஷ்டம்.

அங்கே அப்படி இல்லை. ஒரு பாடத்தை முடித்தால் ஒரு கிரெடிட். தொடக்க காலத்தில் 6 கிரெடிட் சேர்த்தால் சாதாரணப் பட்டம் கிடைத்தது. ஆண்டுக்கு ஒன்று வீதம் படிக்கலாம். முடிந்தவர் இரண்டு படிக்கலாம். குழந்தை பிறந்தாலோ, வீட்டில் யாருக்காவது உடம்பு சரி இல்லாமல் போனாலோ ஓர் ஆண்டு நிறுத்திக்கொள்ளலாம். சேர்த்த கிரெடிட் பத்திரமாக இருக்கும். திரும்பி வந்து, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

உண்டியலில் போட்ட காசு போல!

வேலைக்குப் போகிறவரின் வாழ்க்கை நேர்கோட்டில் போவது இல்லை. ஓவர்டைம் வரும். இடமாற்றம் வரும். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாம் வரும். அவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்து வகுத்த முறை இது.

1973-ல் முதல் பட்டதாரிகள் வெளியே வந்தார்கள். அன்றில் இருந்து இன்று வரை 20 லட்சம் பேருக்கு மேல் அங்கே படித்து இருக்கிறார்கள்.

அங்கேயும் குறை உண்டு

அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று நினைத்துவிடக்கூடாது.

முதல் சில ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் ஆசிரியர்களே அதிகம். வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஆனால், யாருக்காக இது தொடங்கியதோ, அந்த ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் குறைவாகவே வந்தார்கள்.

காரணம் என்ன? கதவு திறந்து இருக்கிறது என்பது, ஏற்கனவே படித்தவர் காதில்தான் முதலில் விழுகிறது. படிக்கும் பழக்கம் விட்டுப்போனவருக்குக் கதவு திறந்து இருந்தாலும் கால் தயங்குகிறது. அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டும்.

இன்னொரு பாடமும் இங்கிலாந்தில் கிடைத்தது. 2012-ல் அங்கே பல்கலைக்கழகக் கட்டணம் பெரிய அளவில் உயர்ந்தது. அதன் பிறகு பகுதி நேரமாகப் படிக்க வருகிறவர் எண்ணிக்கை மளமள என்று விழுந்தது. வீட்டு வாடகையும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கட்டுகிறவர், தன் படிப்புக்குக் கடன் வாங்கத் தயங்குவார். இளைஞனைவிட, குடும்பஸ்தரையே கட்டண உயர்வு முதலில் விரட்டுகிறது.

கொளுத்திய புத்தகம்

வில்லி ரசல் என்ற நாடக ஆசிரியர் 1980-ல் ஒரு நாடகம் எழுதினார். "ரீட்டாவுக்குக் கல்வி" என்பது அதன் பொருள். 1983-ல் அது சினிமாவாகவும் வந்தது.

ரீட்டா முடி வெட்டும் கடையில் வேலை பார்க்கும் பெண். திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்க வருகிறாள். அவளுக்குப் பாடம் கஷ்டம் இல்லை. வீடுதான் கஷ்டம். அவள் படிப்பது கணவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் அவளது புத்தகங்களைக் கொளுத்திவிடுகிறான்.

இது நாடகம்தான். ஆனால், நெருப்பு வைக்காமலேயே புத்தகத்தைக் கொளுத்தும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. "படித்து என்ன கிழிக்கப்போகிறாய்?" என்ற ஒரு சொல் போதும்.

இந்தியாவில்

தூரத்தில் இருந்தே பட்டம் பெறும் வழி, 1971-க்கும் வெகு காலம் முன்பே உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே, தன் கல்லூரிகளில் படிக்காதவரும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று அனுமதித்தது.

இந்தியாவில் 1962-ம் ஆண்டு டெல்லி பல்கலைக்கழகம் தபால் வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் தொடங்கியது. இன்று அதன் பெயர் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் இந்த வழியில் வந்தன.

தமிழ்நாட்டில் எத்தனையோ குமாஸ்தாக்களும், போலீஸ்காரர்களும், ஆசிரியர்களும், பட்டாளத்தில் இருந்தவர்களும் "தபாலில் படித்தவர்கள்". மஞ்சள் நிறக் கவரில் பாடம் வந்ததும், வீட்டில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்ததும் பல குடும்பங்களில் இன்றும் பேசும் கதை.

1982-ல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று அது டாக்டர் அம்பேத்கர் பெயரில் இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் தகுதித் தேர்வு எழுதிச் சேர, அங்கே வழி வகுத்தார்கள். அதன் முதல் துணைவேந்தர் ராம் ரெட்டி. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது, அதற்கும் அவரே முதல் துணைவேந்தர் ஆனார். அது இன்று உலகத்தின் மிகப் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று.

2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. தமிழ் வழியிலும் பாடம் படிக்க அங்கே வசதி உண்டு.

ஆகவே, கதவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கதவுகள் இருக்கின்றன. உள்ளே போகிறவர் எல்லாரும் பட்டத்தோடு வெளியே வருகிறார்களா? அதுதான் கேள்வி.

எங்கே தவறுகிறது?

ஆண்டுதோறும் கல்வி நிறுவனங்கள் ஒரு கணக்குச் சொல்கின்றன. "இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்தார்கள்" என்பதே அந்தக் கணக்கு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கை அதே சத்தத்தோடு யாரும் சொல்வது இல்லை.

வேலைக்குப் போகிறவர் ஏன் நடுவில் நிற்கிறார்?

பாடப் புத்தகம் கைக்கு வந்துசேரத் தாமதம் ஆகிறது. தேர்வுத் தேதி கடைசி நேரத்தில் தெரிகிறது. லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிக்கிறார். புரியாத பாடத்தைக் கேட்க ஆள் இல்லை. ஒரு பாடத்தில் தோற்றால், "நமக்கு வராது" என்று மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்.

வீட்டில் இருந்து படிக்கிறவருக்குப் பெரிய பகை தனிமை. பக்கத்துப் பெஞ்சில் யாரும் இல்லை. அதனால்தான் இங்கிலாந்தில் புத்தகத்தோடு நிறுத்தாமல் ஆசிரியரையும் கொடுத்தார்கள். புத்தகம் மட்டும் அனுப்புவது, விதையை அனுப்பிவிட்டுத் தண்ணீர் அனுப்பாததற்குச் சமம்.

ஏமாறக்கூடாது

இன்னொரு ஆபத்தும் உண்டு. அது பணத்தோடு போவது இல்லை, ஆண்டுகளையும் கொண்டுபோய்விடும். செல்லாத பட்டம்தான் அந்த ஆபத்து.

2017-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு வழங்கியது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் தொலைநிலைக் கல்வியில் என்ஜினீயரிங் பட்டம் கொடுத்து இருந்தன. 2005-ம் ஆண்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் செல்லாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அதற்கு முன் சேர்ந்தவர்கள் மீண்டும் ஒரு தேர்வு எழுதித் தகுதியைக் காட்டவேண்டி வந்தது. வேலை பார்த்துக்கொண்டே, கண் விழித்துப் படித்தவர்களின் கதி இது!

தமிழ்நாட்டிலும் ஒரு விதி உண்டு. 10-ம் வகுப்பு, பிளஸ்-2, அதன் பிறகு பட்டம். இந்த வரிசையில் படித்த திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டமே அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் திகைத்துப்போனார்கள்.

வரிசையாகப் படிக்கவேண்டும் என்று அரசு விதி செய்வதில் தவறு இல்லை. ஆனால், கதவைத் திறந்து "வா" என்று அழைத்துப் பணமும் வாங்கிவிட்டு, பட்டத்தோடு வந்தவரிடம் "இது செல்லாது" என்று சொல்வது நியாயம் அல்ல. எந்தப் பட்டம் எந்த வேலைக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். அதைப் படித்துவிட்டுச் சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம்.

சேரும் முன் பார்க்கவேண்டியவை

படிப்பில் சேர நினைப்பவர் சிலவற்றை மறக்கக்கூடாது.

பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது. சேரப்போகும் படிப்புக்கு, சேரும் ஆண்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இந்தப் பட்டியலை இணையதளத்தில் வெளியிடுகிறது. தனக்குப் பார்க்கத் தெரியாவிட்டால், வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும், இணைய வழிப் பட்டமும் நேராகக் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். இதை மானியக் குழுவே 2022-ல் தெளிவாக அறிவித்து இருக்கிறது. ஆகவே, "அஞ்சல் வழிப் பட்டம் மட்டம்" என்று யாரும் மனதைத் தளரவிட வேண்டாம்.

மருத்துவம், நர்சிங், சட்டம் போன்ற படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியில் நடத்த அனுமதி இல்லை. வீட்டில் இருந்தே நர்சு ஆகலாம் என்று யாராவது சொன்னால், அங்கே நிற்காமல் வந்துவிடவேண்டும்.

தெருமுனையில் போர்டு மாட்டி இருக்கும் சென்டர் வேறு, பல்கலைக்கழகம் வேறு. தனியாருக்குக் கிளை உரிமை கொடுப்பதை மானியக் குழுவின் 2020-ம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கட்டவேண்டும். ரசீது வாங்கவேண்டும்.

2024-ல் இருந்து, இந்தப் படிப்புகளில் சேருகிறவர் மானியக் குழுவின் இணையதளத்தில் பதிவு செய்து, தனக்கென்று ஒரு எண் பெறவேண்டும் என்ற முறையும் வந்து இருக்கிறது.

பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர் அவசரப்படக்கூடாது. முதலில் 10-ம் வகுப்பு, பிறகு பிளஸ்-2 என்று தனித்தேர்வராக எழுதி முடிக்கலாம். படிக்கட்டு ஏறி மாடிக்குப் போனால், கீழே இறங்கு என்று யாரும் சொல்ல முடியாது.

புதிய உண்டியல்

இங்கிலாந்தில் கண்ட அந்தக் கிரெடிட் உண்டியல், இப்போது இந்தியாவுக்கும் வந்து இருக்கிறது.

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, படிப்பை நடுவில் நிறுத்தித் திரும்பவும் தொடரலாம் என்று சொன்னது. 2021-ல் "கல்விக் கிரெடிட் வங்கி" தொடங்கியது. படித்து முடித்த பாடத்தின் கிரெடிட் மாணவர் பெயரில் கணக்காக இருக்கும். 7 ஆண்டு வரை செல்லும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், அங்கே ஏற்றுக்கொண்டால் எடுத்துச் செல்லலாம்.

திட்டம் நல்ல திட்டம். ஆனால், வங்கி இருந்தால் மட்டும் போதாது. செக்கை மாற்றிக் கொடுக்கவும் வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்த்த கிரெடிட்டை இன்னொரு பல்கலைக்கழகம் தட்டிக்கழிக்காமல் ஏற்றால்தான், ஊர் மாறும் தொழிலாளிக்கு இதனால் பயன் உண்டு.

செய்யவேண்டியது என்ன?

பல்கலைக்கழகங்கள் தேர்வுத் தேதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்கவேண்டும். அறிவித்த தேதியை மாற்றக்கூடாது. வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமையிலும், இரவிலும் வைக்கவேண்டும். சேர்ந்த முதல் 3 மாதம் ஒவ்வொரு மாணவரையும் ஒருவர் போனில் கூப்பிட்டு, "புத்தகம் வந்ததா? படித்தீர்களா?" என்று விசாரிக்கவேண்டும். கடைக்காரர் பாக்கிக்காக நாலு தடவை கூப்பிடுகிறார். கல்லூரி படிப்புக்காக ஒரு தடவை கூப்பிடக்கூடாதா?

எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். அந்தக் கணக்கு வெளியே வந்தால், மற்றக் குறைகள் தானாகக் குறையும்.

அரசு நூலகங்கள் இரவு 9 மணி வரையாவது திறந்து இருக்கவேண்டும். ஒரே அறையில் 5 பேர் வாழும் வீட்டில், படிக்க ஒரு மூலை கிடைப்பது இல்லை.

முதலாளிகளும் யோசிக்கவேண்டும். தேர்வுக்கு ஆண்டில் நாலைந்து நாள் லீவு கொடுத்தால் கடை மூழ்கிவிடாது. கணக்குப் படித்த சிப்பந்தி, நாளைக்கு அதே கடைக்குக் கணக்குப்பிள்ளை ஆவார். ஆள் தேடி அலையவேண்டாம்.

ஒரு மணி நேரம்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு உதவி உண்டு. அதை அரசு கொடுக்க முடியாது. முதலாளியும் கொடுக்க முடியாது. வீட்டில் இருப்பவர்தான் கொடுக்கமுடியும்.

அது தினமும் ஒரு மணி நேரம்.

அப்பா படிக்கும்போது டி.வி. சத்தத்தைக் குறைக்கலாம். அம்மா படிக்கும்போது பாத்திரத்தை அப்பா கழுவலாம். மருமகள் தேர்வு எழுதப் போகும் நாளில் மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். செலவு ஒரு பைசாகூடக் கிடையாது.

பெற்றவர்கள் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால், பக்கத்தில் பிள்ளையும் புத்தகத்தை எடுக்கும். "படி, படி" என்று நூறு தடவை சொல்வதைவிட, இது நல்ல வழி. ஒரு ஆள் கட்டிய பணத்தில் இரண்டு பேர் படிக்கிறார்கள்!

நாற்பது வயதில் பட்டம் வாங்கி என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. பதவி உயர்வு கிடைக்கலாம். சம்பளம் கூடலாம். கூடாமலும் போகலாம். ஆனால், விண்ணப்பத்தில் "கல்வித் தகுதி" என்ற இடத்தில் பேனாவை நிறுத்திக் கூசி நின்றவர், இனிக் கூசமாட்டார். அதற்கு விலை இல்லை.

இரவு மணி 10. ஜவுளிக் கடைப் பெண் சாப்பிட்டு முடித்துவிட்டார். குழந்தை தூங்குகிறது. அலமாரியில் இருந்து புத்தகத்தை எடுக்கிறார்.

கல்லூரி மணி அடிக்கவேண்டிய நேரம் இதுதான்.